எந்த வேகத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்குவீர்கள்?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். சுற்றிலும் செம்மணற்பாறை. மழையும் காற்றும் அரித்து அரித்து, சில இடங்களில் மதில்போல் நிமிர்ந்தும், சில இடங்களில் படிக்கட்டாக உடைந்தும் கிடக்கிறது. 1967-இல் இங்கே ‘ஈஸ்டர் ஜீப் சஃபாரி’ தொடங்கியது. இன்றும் வசந்தம் வந்தால் ஊர் நிறைந்துவிடும். முன்பு ஜீப்புகள் ஆண்ட அந்தப் பாதைகளில் இப்போது நடுத்தர அளவுப் பிக்கப்புகளும் ஏறி இறங்குகின்றன. டொயோட்டா டகோமா, ஷெவர்லே கொலராடோ, ஃபோர்டு ரேஞ்சர், ஜீப் கிளாடியேட்டர், நிசான் ஃபிரான்டியர் என்று ஐந்து பெயர்கள். ஜிஎம்சி கேன்யன் என்று ஆறாவது ஒன்றும் உண்டு. அது கொலராடோவின் உடன்பிறப்பு என்பதால் தனியாகப் பேச வேண்டியதில்லை.

வாங்க வருகிற எல்லாரும் கேட்பது, ‘இதில் எது பெஸ்ட்?’ என்றுதான். குதிரைத்திறன், டயர் அளவு, தரையிடைவெளி என்று கட்டம் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தாலும் அதற்கு விடை வராது. ஏனென்றால் இவற்றின் உச்ச ரகம் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கென்று செய்யப்பட்டது. ஒன்று, ஆள் நடக்கிற வேகத்தில் பாறை ஏறுவதற்கு. ஒன்று, மணிக்கு நூறு கிலோமீட்டரில் பாலைவனத்தைக் கடப்பதற்கு. இன்னொன்று, வேகமே முக்கியமில்லாமல் நாள்கணக்கில் தொலைதூரம் போவதற்கு. எந்த வேகத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கப் போகிறீர்கள், வண்டியில் எவ்வளவு சுமையோடு இறங்கப் போகிறீர்கள் – இந்த இரண்டும் தெரிந்தால் ஐந்தில் மூன்று தானாகவே விலகிவிடும்.

ஊர்ந்து ஏறுகிறவர்களுக்கு

பாறைமேல் வண்டி ஓடுவதில்லை, ஊர்கிறது. அங்கே எஞ்சினின் பலத்தைவிட கியரின் பொறுமை பெரிது. ஜீப் கிளாடியேட்டரின் ரூபிகான் ரகத்தில் இருப்பது 3.6 லிட்டர் வி6 பெட்ரோல் எஞ்சின், 285 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் இது சாதாரணம். ஆனால் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் அதன் டிரான்ஸ்ஃபர் கேஸில் லோ கியர் விகிதம் 4:1. ஆட்டோமேட்டிக்கின் முதல் கியரும் ஆக்ஸில் விகிதமும் சேர்ந்துகொண்டால், எஞ்சின் ஏறத்தாழ 77 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்று சுற்றும். செங்குத்தான பாறையில் பிரேக்கை அதிகம் நம்பாமல் எஞ்சினின் பிடியிலேயே இறங்க முடிவது இதனால்தான்.

இன்னொரு விஷயம் அதன் ஆக்ஸில். மற்ற நான்கு பிக்கப்புகளிலும் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். கிளாடியேட்டரில் மட்டும் முன்னாலும் ஒரே தண்டாக ஆக்ஸில் போகிறது. காவடித் தண்டைப்போல ஒரு முனை உயர்ந்தால் மறுமுனை தாழ்கிறது. கல்மேல் ஏறிய சக்கரம் எதிர்ச் சக்கரத்தைத் தரையோடு அழுத்திக்கொடுக்கிறது. வண்டி பக்கவாட்டில் சாயாமல் தடுக்கும் முன் ஸ்டெபிலைசர் கம்பியை ஒரு பொத்தானில் கழற்றிவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடும். கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா மலையில் ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரியை நோக்கிப் போகும் 35 கிலோமீட்டர் கல்பாதையின் பெயர்தான் ரூபிகான். அந்தப் பெயரைத் தாங்க இந்த வண்டிக்குத் தகுதி உண்டு.

குறை எங்கே என்றால் நீளத்தில். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 3,487 மில்லிமீட்டர். நான்கு கதவு ஜீப் ரேங்ளரைவிட ஏறத்தாழ அரை மீட்டர் கூடுதல். முகப்பு 43 பாகைச் சரிவைத் தொடாமல் ஏறிவிடும். வயிற்றுக்குக் கிடைப்பதோ 20 பாகைதான். முகம் ஏறிய பாறையில் வயிறு உட்கார்ந்துகொள்ளும். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங்கைச் சதா சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும், காற்றிரைச்சலும் உண்டு. கூரையையும் கதவுகளையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டக்கூடிய பிக்கப் இன்று இது ஒன்றுதான் என்பதால், அதற்காகவே இதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பறக்கிறவர்களுக்கு

மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா தீபகற்பத்தில் 1967 முதல் நடக்கும் பாலைவனப் பந்தயம்தான் ஃபோர்டு ரேஞ்சர் ராப்டருக்கு முன்மாதிரி. இந்த வண்டி முதலில் 2018-இல் தாய்லாந்தில் டீசல் எஞ்சினோடு வந்தது. அமெரிக்கர்களுக்கு 2024 மாடலாகத்தான் கிடைத்தது. அதுவும் மிச்சிகன் மாநிலத்தின் வேய்ன் நகரில் செய்த வேறு வண்டி. 3 லிட்டர் இரட்டை டர்போ வி6, 405 குதிரைத்திறன், 10 கியர் ஆட்டோமேட்டிக்.

உண்மையில் இந்த விலைக்கு நீங்கள் வாங்குவது எஞ்சினை அல்ல, ஷாக் அப்சர்பரை. வேகமாகப் போகையில் மேடு பள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்க, ஷாக் அப்சர்பருக்குள் இருக்கும் எண்ணெய் சூடேறி நுரைக்கும். நுரைத்த எண்ணெய் அடியைத் தாங்காது. சாதாரணப் பிக்கப் சற்று நேரத்திலேயே துள்ளத் தொடங்குவது இதனால்தான். ராப்டரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் இரண்டரை அங்குல உருளை. எண்ணெய்க்குத் தனிச் சேமிப்புக் குழாய். தரைக்கேற்றபடி இறுக்கத்தை நொடிக்கு நொடி மாற்றும் மின்வால்வு. முன்சக்கரம் 10 அங்குலம் வரை ஏறி இறங்கும். பின்சக்கரம் பதினொன்றரை அங்குலம் வரை. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் வைத்திருக்கிறார்கள்.

இப்படி ஓட்ட இடம் வேண்டாமா? நெவாடாவிலும் தெற்குக் கலிஃபோர்னியாவிலும் கண்ணுக்கெட்டிய தூரம் அரசு நிலம், மணல் ஓடைகள்; அங்கே இது தன் சொந்த ஊரில் இருக்கிறது. பென்சில்வேனியாவிலோ ஜார்ஜியாவிலோ வீடு என்றால் கதை வேறு. அங்கே காட்டுப்பாதை என்பது இரண்டு மரங்களுக்கு நடுவே கிடைக்கும் சந்து. ராப்டரின் அகலம் கண்ணாடிகள் இல்லாமலே இரண்டு மீட்டருக்கு மேல்; கிளாடியேட்டர் அதைவிட 15 சென்டிமீட்டர் குறுகல். கிழக்கு மாநிலங்களில் ராப்டர் வாங்குகிறவர் அந்த ஷாக் அப்சர்பருக்குக் கொடுத்த பணத்தைப் பள்ளிக்கூட வாசலின் வேகத்தடையில்தான் வசூலிக்க முடியும். கேலன் ஒன்றுக்குச் சுமார் 17 மைல், அதாவது லிட்டருக்கு 7 கிலோமீட்டர் சொச்சம் என்ற பெட்ரோல் செலவும் தினமும் கூடவே வரும்.

நடுவில் நிற்பது

ஐந்தில் எனக்கு வியப்பு அதிகம் தருவது கொலராடோ இசட்ஆர்2. இதன் அருமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த மல்ட்டிமாட்டிக் என்ற நிறுவனம் ஃபார்முலா 1 கார்களுக்குச் செய்துவந்த ஒரு ஷாக் அப்சர்பர் நுட்பத்தை, 2017-இல் இந்தப் பிக்கப்புக்காக மண்பாதைக்கு இறக்கினார்கள். வழக்கமான ஷாக் அப்சர்பரில் மெல்லிய உலோகத் தகடுகள் அடுக்காக இருக்கும். எண்ணெய் அழுத்தும்போது அவை வளைந்து வழிவிடும். எவ்வளவு வளையும் என்பது சூட்டையும் தேய்மானத்தையும் பொறுத்து மாறிக்கொண்டே போகும். மல்ட்டிமாட்டிக் முறையில் வளைகிற தகடே கிடையாது. உருளைக்குள் உருளையாக ஒரு வால்வு நகர்ந்து, குறிப்பிட்ட வடிவில் வெட்டிய சாளரங்களைத் திறந்து மூடுகிறது. எந்த வேக அடிக்கு எவ்வளவு எதிர்ப்பு என்பதைப் பட்டறையிலேயே வெட்டி முடிவுசெய்துவிடலாம். மின்சாரமோ உணர்கருவியோ கணினியோ இதற்குத் தேவையில்லை. கெட்டுப்போக இடமும் குறைவு.

இதன் பலனாக, நெடுஞ்சாலையில் அடக்கமாக ஓடுகிறது. கரடுமுரடான மண்சாலையில் ஓரளவு வேகமாகவும் போகிறது. இருபக்கச் சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் லாக்கர் முன்னும் பின்னும் இருப்பதால் பாறையிலும் ஏறுகிறது. 2.7 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் 310 குதிரைத்திறனும், ராப்டரின் வி6 தரும் அதே 583 நியூட்டன்மீட்டர் முறுக்குவிசையும் தருகிறது. 2024-இல் ஏறத்தாழ 50,000 டாலர். ராப்டருக்கு 57,000-ஐ ஒட்டி கேட்டார்கள். டகோமாவின் டிஆர்டி ப்ரோவுக்கு 65,000.

குறை இல்லாமல் இல்லை. பாறை ஏறும்போது கழற்றிவிடும் ஸ்டெபிலைசர் இதில் கிடையாது. ஒரே கேபின், ஒரே அளவுச் சரக்குத் தொட்டி; நீளத் தொட்டி வேண்டுகிறவர் வேறு கடை பார்க்க வேண்டும். 2023-இல் புதிய தலைமுறை வந்தபோது முகப்பு விளக்கை இயக்குவதையே தொடுதிரைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். இருட்டில் குலுங்குகிற வண்டியில் விரலால் திரையைத் துழாவ வைப்பது பொறுப்பற்ற வேலை. பைசன் என்ற மேல்ரகத்தில் 35 அங்குல டயரும் 12 அங்குலத் தரையிடைவெளியும் உண்டு. அவ்வளவு பெரிய ஸ்டெப்னி அடியில் நுழையாததால் அது சரக்குத் தொட்டியில் நிமிர்ந்து நிற்கிறது; அங்கே வைக்க நினைத்த கூடாரத்துக்கு இடம் தேட வேண்டியதுதான்.

தூரம் போகிறவர்களுக்கு

டகோமா 1995-இல் பிறந்தது. அதற்கு முன் டொயோட்டா அமெரிக்காவில் விற்றது ஹைலக்ஸை. அந்தப் பழைய வண்டிகள் மூன்று லட்சம் மைல் கடந்தும் ஓடுவதைப் பார்த்த அப்பாக்களின் பிள்ளைகள்தான் இன்று டகோமாவின் வாடிக்கையாளர்கள். செகண்ட் ஹாண்டில் விற்கும்போது விலை இறங்காத பெயரும் அதிலிருந்து வந்தது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லமாட்டேன். வடகிழக்கு மாநிலங்களில் பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவுவார்கள். 2000-களில் வந்த டகோமாக்களின் சேஸி அந்த உப்பில் துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. அது வழக்காகி, டண்ட்ரா, செக்கோயா என்ற வேறு இரு மாடல்களும் சேர்ந்த அந்த விவகாரத்தில் 2016-இல் டொயோட்டா 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. எந்தக் கம்பெனி வண்டியானாலும், உப்புச் சாலை ஊரில் இருப்பவர் ஆண்டுக்கொரு முறை அடியில் துருத்தடுப்பு அடித்துவிடுவது கட்டாயம்.

2024-இல் வந்த நான்காம் தலைமுறையில் இரண்டு உச்ச ரகங்கள். இரண்டும் ஹைபிரிட், 326 குதிரைத்திறன், 630 நியூட்டன்மீட்டர். டிஆர்டி ப்ரோ, வேகத்தை விரும்புகிறவர்களுக்கு. அதன் முன்னிருக்கைகளுக்கே ஷாக் அப்சர்பர் பொருத்தியிருக்கிறார்கள். அந்த அமைப்பு பின்னால் உட்காருகிறவரின் கால் இடத்தைத் தின்றுவிடுகிறது. பின்னிருக்கையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாரும் அதைப் பாராட்டமாட்டார்கள். ட்ரெயில்ஹண்டர் ரகம் எனக்கு மேலாகப் படுகிறது. ஆஸ்திரேலியாவின் ஏஆர்பி நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. ஓல்ட் மேன் ஈமு ஷாக் அப்சர்பர், கண்ணாடித் தூணையொட்டி மேலே போகும் காற்றுக்குழாய், அடிவயிற்றில் எஃகுத் தகடு என்று நெடும்பயணத்துக்கு வேண்டியவை தொழிற்சாலையிலேயே சேர்ந்து வருகின்றன. மோவாபுக்கு அருகில் கேன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் வைட் ரிம் என்ற 160 கிலோமீட்டர் சுற்றுப்பாதை உண்டு. பெட்ரோல் பங்க் இல்லை, தண்ணீர் இல்லை. அத்தகைய பாதைக்குக் கேலனுக்கு 23 மைல் தரும் ஹைபிரிட் பொருத்தம்தான்.

சரி, உலகமே ஓட்டும் ஹைலக்ஸ் ஏன் அமெரிக்காவில் இல்லை? காரணம் கோழி. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலிருந்து மலிவாக வந்து குவிந்த கோழிக்கறிக்குப் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் வரி போட்டன. பதிலுக்கு அதிபர் லிண்டன் ஜான்சன் ஐரோப்பியச் சரக்குகள் சிலவற்றின்மீது வரி போட்டார். இறக்குமதியாகும் சிறு லாரிகள்மீது 25 சதவீதம். கோழிச் சண்டை ஓய்ந்தது. 1964-இல் அமலுக்கு வந்த லாரி வரி மட்டும் அறுபது ஆண்டு கடந்தும் நிற்கிறது. பின்தொட்டியில் பிளாஸ்டிக் நாற்காலி இரண்டைப் பொருத்தி, ‘இது லாரியில்லை, பயணிகள் வண்டி’ என்று சுபாரு தன் பிராட் வண்டியை உள்ளே விட்டதுகூட இந்த வரிக்கு அஞ்சித்தான். தாய்லாந்தில் செய்யும் பிக்கப்புகள் அங்கே நுழையாததும், டகோமா மெக்சிகோவில் தயாராவதும் இதன் தொடர்ச்சியே. நம் பக்கம் வந்தால் நிலைமை தலைகீழ். பெங்களூருக்கு அருகே பிடதியிலிருந்து ஹைலக்ஸ் வருகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இசுசு மோட்டார்ஸ் இந்தியா, ஸ்ரீசிட்டி ஆலையில் டி-மேக்ஸ் வி-கிராஸைச் செய்கிறது. இவ்விரண்டையும் அமெரிக்கர் ஒருவர் ஆசைப்பட்டாலும் ஷோரூமில் வாங்க முடியாது.

கதவோரத்து ஸ்டிக்கர்

எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் வராத ஓர் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு புதிய பிக்கப்பிலும், ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணோரம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இந்த உச்ச ரகங்களில் அந்த எண் பெரும்பாலும் அரை டன்னைச் சுற்றித்தான். அதே வண்டியின் கீழ்ரகங்களில் அதைவிடக் கூடுதல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ வீதம் நான்கு பேர்: 300. கூரைக் கூடாரமும் அதைத் தாங்கும் சட்டமும்: 90. தண்ணீர் 40 லிட்டர்: 40. உணவோடு ஒரு சிறு ஃபிரிட்ஜ்: 30. வண்டி சிக்கினால் இழுக்கும் பட்டை, மண்வெட்டி, கருவிகள்: 30. இன்னும் துணிமணியே எடுத்து வைக்கவில்லை, 490 ஆகிவிட்டது. இதற்குமேல் எஃகு பம்பரும் வின்ச்சும் போட்டால் எல்லை தாண்டியாயிற்று. டிரெய்லர் இழுப்பவருக்கு இன்னும் நெருக்கடி. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் கொக்கியில் வந்து உட்காரும். அதுவும் இதே கணக்கில்தான் சேரும்.

கம்பெனிகள் ஏமாற்றுகின்றன என்பதில்லை. மேடு பள்ளத்தை விழுங்க மென்மையான ஸ்பிரிங் வேண்டும். சுமையைத் தாங்க விறைப்பான ஸ்பிரிங் வேண்டும். இரண்டையும் ஒரே ஸ்பிரிங்கிடம் கேட்க முடியாது. அதனால்தான் சாதாரண ரேஞ்சர் 3,400 கிலோ வரை இழுக்கையில் ராப்டர் 2,500 கிலோவோடு நின்றுவிடுகிறது. சாதாரணக் கொலராடோவின் 3,490 கிலோ, இசட்ஆர்2-இல் 2,720 ஆகச் சுருங்குகிறது. படகு இழுக்கவும் வீடு மாற்றவும் செங்கல் ஏற்றவும் பிக்கப் வாங்குகிற ஒருவர், இந்தப் பலத்தைத்தான் கூடுதலாகப் பத்து இருபதாயிரம் டாலர் கொடுத்துக் குறைத்துக்கொள்கிறார். அளவுக்கு மேல் சுமையேற்றினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். மலைப்பாதையில் இறங்கும்போது உயிருக்கு ஆபத்து. பின்னிருக்கையில் பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு இந்தக் கணக்கை அலட்சியம் செய்யக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

ஒரு படி கீழே

ஆகவே, பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை உச்ச ரகத்துக்கு ஒரு படி கீழே நிற்பது. நிசான் ஃபிரான்டியர் ப்ரோ-4எக்ஸ் 2024-இல் 40,000 டாலரை ஒட்டியே கிடைத்தது. 3.8 லிட்டர் வி6, டர்போ கிடையாது, 310 குதிரைத்திறன். பில்ஸ்டைன் ஷாக் அப்சர்பர், பின்பக்க லாக்கர், அடித்தகடு. அதன் அடிப்படைச் சட்டம் பழையது. பாறை ஏறுவதில் முதல் மதிப்பெண் வாங்காது. ஆனால் முகாம் போகவும் மீன்பிடிக்கவும் பனியில் வேலைக்குப் போகவும் பத்து ஆண்டு சலிக்காமல் உழைக்கக்கூடிய எளிமை அதில் இருக்கிறது. டகோமாவில் டிஆர்டி ஆஃப்ரோடு என்ற நடுத்தர ரகத்துக்கே பின்பக்க லாக்கர் உண்டு; ஆறு கியர் மேனுவலும் கிடைக்கிறது. 2025-இல் கிளாடியேட்டர் மேனுவலைக் கைவிட்டதால், கிளட்ச் மிதிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த வகையில் எஞ்சியிருப்பது டகோமா ஒன்றே. மிச்சமாகும் இருபதாயிரம் டாலரில் நல்ல டயர் போடலாம், இரண்டு நாள் ஓட்டுநர் பயிற்சிக்குப் போகலாம், ஓரிரு ஆண்டுப் பயணத்துக்கும் பெட்ரோல் அடிக்கலாம். 36 பிஎஸ்ஐ காற்றை 18-க்கு இறக்கத் தெரிந்தவர் சாதாரண வண்டியில் ஏறுகிற மணல்மேட்டில், தெரியாதவர் ராப்டரோடு புதைந்து நிற்பார்.

கூரையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாறை ஏறுவதுதான் வாரக்கடைசி என்றால் கிளாடியேட்டர். வீட்டுக்குப் பின்னாலேயே பாலைவனம் தொடங்குகிறது என்றால் ராப்டர். அதற்கு ஈடு அந்த அளவு வண்டிகளில் வேறில்லை. தினமும் அலுவலகம், மாதமொரு முறை மலை, ஆண்டுக்கொரு முறை மோவாப் என்று எல்லாவற்றையும் ஒரே வண்டியில் செய்ய வேண்டும், உச்ச ரகம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இசட்ஆர்2. இருவராக வாரக்கணக்கில் கிளம்புகிறவர்களுக்கு ட்ரெயில்ஹண்டர். நான்கு பேர் குடும்பம், கூடாரம், ஒரு சிறு டிரெய்லர் என்றால் ஃபிரான்டியர் அல்லது டிஆர்டி ஆஃப்ரோடு. ஷோரூமுக்குப் போனதும் எஞ்சினைத் திறந்து காட்டச் சொல்வதற்கு முன், ஓட்டுநர் கதவைத் திறந்து ஸ்டிக்கரில் உள்ள எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அதே ரகத்தில் பக்கத்து வண்டியின் ஸ்டிக்கரையும் பாருங்கள். பொருத்தியிருக்கும் கூடுதல் வசதிகளைப் பொறுத்து இரண்டுக்கும் எண் வேறுபடும். பிறகு பின்னிருக்கையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், விலை பேசுவது அதற்கப்புறம்.